கடலூர், சிதம்பரம்: மூன்று நாள் தண்ணீர்ப் படிப்பு

செவ்வாய், காலை 5.45. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் விருத்தாசலம் வண்டிக்காக நின்றபோது, இந்தப் பயணத்தை எப்படித் தட்டிக்கழிக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். 2009ஆம் வருடம், ஆடி மாதம். நான் அப்போது எங்கள் பேரூராட்சியில் வார்டு கவுன்சிலர். கடலூரில் இரண்டு நாள், சிதம்பரத்தில் ஒரு நாள், நகரக் குடிநீர் வழங்கல், கழிவுநீர் மேலாண்மை பற்றிக் கவுன்சிலர்களுக்கு அடிப்படைப் பயிற்சி என்று கடிதம் வந்திருந்தது. அலுவலகத்தில் என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள். "தண்ணியப் பத்தி எனக்கு என்னா சார் சொல்லிக்குடுக்கப் போறாங்க? மூணு வருசமா தெனம் தண்ணிச் சண்டையத்தான தீத்துக்கிட்டு இருக்கேன்" என்று செயல் அலுவலரிடம் சொல்லிப் பார்த்தேன். "போயிட்டு வாங்கம்மா, பையும் நோட்டும் குடுப்பாங்க" என்றார். எனக்கு வாய் நீளம். எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஊரின் பெயரை எழுதவில்லை. விருத்தாசலத்துக்கு மேற்கே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அது போதும்.

விருத்தாசலத்திலிருந்து கடலூர் சுமார் அறுபது கிலோமீட்டர். டிக்கெட் பத்தொன்பது ரூபாய். மந்தாரக்குப்பம் தாண்டியதும் ஒரு வாய்க்காலில் தண்ணீர் புரண்டு ஓடியது. பக்கத்தில் கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளைக் கேட்டேன். "நிலக்கரிச் சுரங்கத்துலேருந்து எறைக்கிற தண்ணிம்மா. ராத்திரி பகலா ஓடிக்கிட்டேதான் இருக்கும்" என்றார். யாரும் குடத்தோடு வரிசையில் நிற்காமல், யாரும் யாரையும் திட்டாமல் இவ்வளவு தண்ணீர் ஓடுவதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. வடலூரில் வண்டி பத்து நிமிடம் நின்றது. டீ மூன்று ரூபாய், சுமார்தான்.

காலை 9.20. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மஞ்சக்குப்பத்தில் பயிற்சி நடக்கும் மண்டபத்துக்கு ஆட்டோ கேட்டேன். நாற்பது என்றார் டிரைவர். இரண்டு கிலோமீட்டருக்கு நாற்பதா என்று நான் ஆரம்பித்தேன்.

"நேரா போனா ரெண்டு கிலோமீட்டருதாம்மா. பாதாளச் சாக்கடைக்கு நோண்டிப் போட்டுருக்காங்க. இந்தத் தெருவுல பூந்து அந்தத் தெருவுல வந்து, டீசல் ஜாஸ்தி ஆவுது. முப்பத்தஞ்சு குடுங்க, ஏறுங்க."

வழியெல்லாம் தெருவின் நடுவே ஆளுயரப் பள்ளங்கள், ஓரத்தில் அடுக்கிய பெரிய குழாய்கள், பலகை போட்டு வீட்டுக்குள் போய்வரும் ஜனங்கள். எனக்கு முதலில் வந்த எண்ணம், ஐயோ, நல்ல ரோட்டை இப்படிப் பாழ்பண்ணுகிறார்களே என்பதுதான். ரோடு என்றால் எனக்கு அவ்வளவு ஆசை. எங்கள் கோயில் தெருவுக்கு 2007இல் சிமெண்ட் ரோடு வாங்கிக் கொடுத்தவள் நான். தெருமுனையில் கல் நட்டு என் பெயரும் போட்டிருக்கிறது.

காலை 10.15. மண்டபத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தோம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கவுன்சிலர் முருகையன். உட்கார்ந்ததுமே, "அக்கா, சாப்பாடு சைவமா அசைவமான்னு கேட்டீங்களா?" என்று விசாரித்தார். பாடம் நடத்த வந்தவர் ஸ்டெல்லா என்ற பொறியாளர். இருபத்தேழு வயதுக்கு மேல் இருக்காது. கடலூர் முதுநகர்க்காரப் பெண். ஒல்லியான தேகம், மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும் குரல்.

"ஒரு சொட்டுத் தண்ணி ஒங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள எங்கெங்க போயிட்டு வருது, சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பித்தார். போர்வெல், மோட்டார், மேல்நிலைத் தொட்டி, வால்வு, தெருக்குழாய், வீட்டுக்குழாய் என்று சொல்லிக்கொண்டே வந்தோம். முருகையன் கையைத் தூக்கினார். "எங்க வீராணத் தண்ணி மெட்ராசுக்குப் போயிட்டு வருது மேடம். எங்க வீட்டுக்கு மட்டும் வரல. எங்க தெருவே கை பம்புதான்." மண்டபம் சிரித்தது. ஸ்டெல்லாவும் சிரித்துவிட்டுக் கேட்டார், "சரி, வீட்டுக்கு வந்துடுச்சு. குளிச்சீங்க, தொவச்சீங்க, பாத்திரம் கழுவுனீங்க. அப்புறம் அந்தத் தண்ணி எங்க போவுது?" சாக்கடைக்கு என்றோம். "அப்புறம்?" என்றார். ஊருக்கு வெளியே போகும் என்று ஒருவர் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் சாக்கடை ஊர் எல்லையோடு முடிந்துவிடுகிறது.

அன்று காலை நான் நோட்டில் எழுதிக்கொண்ட பாடம் எளிமையானது. குடிநீர் அழுத்தத்தில் ஓடுகிறது, கழிவுநீர் சரிவில் ஓடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. மண்ணுக்குள் போனாலும் நல்ல தண்ணீர்க் குழாய் மேலே, கழிவுநீர்க் குழாய் கீழே, முடிந்தவரை பத்தடி தள்ளி. எழுதும்போது எதுவும் உறைக்கவில்லை. எழுத்து அழகாக வந்ததா என்றுதான் பார்த்தேன்.

மதியம் 2.30. சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் கண் சொக்கிக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா ஒரு பிளாஸ்டிக் வாளியை மேஜைமேல் வைத்து, தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு பாட்டில் நீல மையைக் கலந்தார். பிறகு கண்ணாடிபோல உள்ளே தெரியும் ஒரு ரப்பர் குழாயை எடுத்து, நடுவில் ஊசியால் ஒரு குத்துக் குத்தினார். குழாயின் குத்திய பகுதி மைத் தண்ணீருக்குள் இருக்கும்படி அமுக்கிவிட்டு, ஒரு முனையை மண்டபத்துக் குழாயில் மாட்டித் திறந்தார். மறு முனையில் சுத்தமான தண்ணீர் வந்தது. பத்துப் பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஓட்டை இருக்குது. சுத்தி அழுக்குத் தண்ணி இருக்குது. ஆனா உள்ள வரல. ஏன்? உள்ளேருந்து அழுத்தம் வெளிய தள்ளுது. இப்ப பாருங்க, நம்ம ஊருல பண்றத பண்ணப் போறேன்."

குழாயை மூடினார். மறு முனையைக் கீழே தாழ்த்திப் பிடித்தார். உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் சரிந்து இறங்கியது. இறங்கும்போதே அந்த ஊசி ஓட்டை வழியாக நீல மை சர்ரென்று உள்ளே ஏறியது. மறுபடி குழாயைத் திறந்தார். மறு முனையில் முதலில் நீலமாகத்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெளுத்தது.

"தெனம் ஒரு மணி நேரம் தண்ணி விட்டு நிறுத்துறோம் இல்ல? நிறுத்துற ஒவ்வொரு தடவையும் குழாய் இப்படி உறிஞ்சும். பள்ளத்து வீட்டுக்காரங்க மோட்டார் போட்டு இழுத்தா இன்னும் ஜாஸ்தி. அதனாலதான் சொல்றேன், ரோட்ட வெட்ட மனசு வராம வீட்டுக் குழாய சாக்கடைக்குள்ள வுடாதீங்க. எத்தனை ஊருல பாத்துட்டேன். வாந்தி பேதின்னு ஆஸ்பத்திரில படுத்தப்புறம், மீன் தின்னான், கறி தின்னான்னு பேசிக்கிட்டு இருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டை மூடிவிட்டு எழுந்தேன். முருகையன், "என்னாக்கா, ஒடம்புக்கு முடியலையா?" என்றார். வெயில் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மண்டபப் படியில் உட்கார்ந்தேன்.

படியில் உட்கார்ந்து நான் நினைத்ததை இங்கே சொல்லியாக வேண்டும். கோயில் தெருவுக்கு ரோடு போட்ட இரண்டாவது மாதம், வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்க அனுமதி வந்தது. பெரிய குழாய் தெருவுக்கு அந்தப் பக்கம், வீடுகள் பாதி இந்தப் பக்கம். குறுக்கே ரோட்டை வெட்ட வேண்டும் என்றார் பிளம்பர். "என் ரோட்ட வெட்டுனா கைய வெட்டிடுவேன்" என்றேன். அப்படியே சொன்னேன். அவர் கும்பிடு போட்டுவிட்டு, ரோட்டுக்குக் கீழே சாக்கடை கடக்கும் சிறுபாலத்தின் அடியில், சாக்கடைக்குள்ளேயே குழாய்களை இழுத்து வீடுகளுக்குக் கொண்டுபோனார். ஒரு கீறல் இல்லாமல் ரோடு தப்பியது. பாராட்டினேன்.

அந்த ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் எங்கள் தெருவில் பதினோரு பேர் வாந்தி பேதியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது தெய்வாதீனம். தெருவே பயந்து என்னைப் பார்த்தது. கவுன்சிலர் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே. தெருக்கோடியில் வசந்தா இட்லிக்கடை வைத்திருந்தாள். காலையில் இட்லி, சாயங்காலம் பணியாரம். புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுபவன். அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் அவளிடம் சாப்பிட்டவர்கள். மீதி ஏழு பேர் எங்கே சாப்பிட்டார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. குழாயடியில் எல்லோரும் கேட்க, "இவ சட்டினியாலதான் தெருவே படுத்துக் கெடக்குது" என்றேன். துப்புரவு ஆட்களைக் கூப்பிட்டு, அவள் மாவுக் குண்டானைத் தெருவில் கவிழ்க்கச் சொன்னேன். சிமெண்ட் ரோட்டில் மாவு வெள்ளையாக ஓடியது. அவள் வாசலில் நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு ஒருவரும் அவளிடம் வாங்கவில்லை. தை பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

சொல்ல வேண்டியது இதோடு முடியவில்லை. மாவைக் கொட்டுவதற்கு நாலு நாள் முன்பு வசந்தா ஒரு சொம்பு நிறையத் தண்ணீரோடு என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, மொதல்ல வர்ற தண்ணி ஒரு மாதிரி வீச்சம் அடிக்குது, மோந்து பாருங்களேன்" என்றாள். நான் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். "புதுக் குழாய்னா அப்புடித்தான் இருக்கும், போ" என்று அனுப்பிவிட்டேன். சொம்பைக் கையில்கூட வாங்கவில்லை.

புதன், காலை 5.00. இரண்டாம் நாள் களப்பயிற்சி. எங்களில் ஆறு பேரை, தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் காதர் பாயோடு அனுப்பினார்கள். ஐம்பது வயதிருக்கும். சைக்கிள் கேரியரில் ஆள் இடுப்பு உயரத்துக்கு இரும்புச் சாவி. தெருமுனையில் மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே திருகினார். எத்தனை சுற்று என்று கேட்டேன். "இந்த வால்வு பதினாலு. அந்த முக்குல இருக்கிறது பதினொண்ணு. ஒரு சுத்து கொறஞ்சா கடைசி வூட்டுக்குத் தண்ணி ஏறாது. ஃபோன் போட்டுப் பேச ஆரம்பிச்சுடுவாங்க, காது குடுத்துக் கேக்க முடியாது" என்றார்.

தண்ணீர் விட்டு இருபது நிமிடம் கழித்துக் கடைசி வீட்டுக்குக் கூட்டிப் போனார். சின்னக் குப்பியில் அந்த வீட்டுத் தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டார். மெல்ல மஞ்சளாக மாறியது. "மஞ்சளானா குளோரின் மிச்சம் இருக்குதுன்னு அர்த்தம். தொட்டியில கலந்தா மட்டும் போதாதும்மா, கடைசி சொம்பு வரைக்கும் மருந்து வந்து சேரணும்."

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. எப்படியாவது தப்பித்துக்கொள்ள ஒரு சந்து கிடைக்குமா என்று பாயைத் தனியே பிடித்துக் கேட்டேன்.

"சாக்கடைக்குள்ள போற குழாய்னா எப்பவும் கெட்டுத்தான் போவுமா பாய்?"

"அப்புடிச் சொல்ல முடியாதும்மா. குழாய் புதுசா இருந்தா தாங்கும். வருசம் ரெண்டு வருசம்னு துரு புடிச்சாதான் ஓட்டை."

எங்கள் குழாய் போட்டு ஐப்பசிக்குள் நாலே மாதம்தான் ஆகியிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த நிம்மதியை அவர் அரை நிமிடம்கூட வைத்திருக்க விடவில்லை.

"ஆனா ஜாயிண்டு சரியா போட்டுருக்கணும். சில பேரு அவசரத்துக்கு சைக்கிள் ட்யூப கிழிச்சு சுத்தி வுட்டுருவாங்க. அதுல மொத நாளே சாக்கடை உள்ள பூந்துரும்."

எங்கள் பிளம்பர், இணைப்புச் சாமான் விருத்தாசலத்திலிருந்து வர மூன்று நாள் ஆகும் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கே தண்ணீர் திறந்துவிட வேண்டும் என்று நான்தான் நின்றேன். சைக்கிள் கடையிலிருந்து பழைய ட்யூப் வாங்கி வர ஆள் அனுப்பியதும் நான்தான். பாய் அடுத்த வால்வுக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

புதன், மாலை 4.10. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். சிப்காட் நிறுத்தத்தில் ஷிப்ட் முடிந்தவர்கள் சாப்பாட்டுப் பையோடு ஏறி, நின்றபடியே தூங்கினார்கள். ஜன்னல் பக்கம் சவுக்குத் தோப்பு, முந்திரி, பிறகு வெள்ளாற்றுப் பாலம். நல்ல காட்சிதான். என்னால்தான் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த முருகையனிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். வசந்தா இப்போது சிதம்பரத்தில், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மெஸ்ஸில் வேலை பார்ப்பதாக அவள் நாத்தனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

"வுடுங்கக்கா" என்றார். "வேணும்னா செஞ்சீங்க? நானுந்தான் எங்க வார்டுல எத்தனை குழாய அப்புடி வுட்டுருக்கேன். போயி பாத்து என்னா சொல்லப் போறீங்க? ஆறிப் போன புண்ண நோண்டுற மாதிரி ஆயிடும்."

"ஆறிடுச்சுன்னு யாரு சொன்னது?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர். இறங்கும்போது என் பையையும் அவரே தூக்கிக்கொண்டார்.

கீழவீதி அருகே லாட்ஜில் தங்க வைத்தார்கள். நாளுக்கு இருநூற்று ஐம்பது, இரண்டு பேருக்கு ஒரு அறை. கோபுரம் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. கோயிலுக்குப் போய்வரலாம் என்று உடன் தங்கிய அம்மா கூப்பிட்டார். எனக்கு அந்த நிலையில் சாமி முன்னால் போய் நிற்கப் பிடிக்கவில்லை.

வியாழன், காலை 9.00. ஊரின் கழிவுநீர் வந்து சேரும் கிணறு, அதை மேலே தூக்கிவிடும் மோட்டார்கள், பிறகு கசடு அடியில் தங்கி, வெயிலும் காற்றும் பட்டுத் தண்ணீர் தெளியும் குளங்கள். இவையே கடைசி நாள் பாடம். மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியவர்கள் பத்து நிமிடத்தில் பழகிவிட்டோம். மூன்றாவது குளத்தின் கரையில் கொக்குகள் நின்றன. "சரிவு கணக்கா இருந்தா சாக்கடை தானா ஓடும்மா. அடைச்சுக்கிட்டா மட்டும்தான் நம்ம ஞாபகத்துக்கே வருது" என்று ஸ்டெல்லா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே நடந்தார். நான் பின்தங்கி அவரோடு நடந்து, என் கதையை ஊர்ப் பெயர் இல்லாமல், வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லி, அது குழாயால் வந்ததா இட்லியால் வந்ததா என்று இப்போது கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன்.

"அன்னைக்கே தண்ணியப் புடிச்சு டெஸ்டுக்கு அனுப்பியிருந்தா தெரிஞ்சிருக்கும். மாவையாவது கொஞ்சம் எடுத்து வச்சாங்களா?"

"இல்ல. கொட்டிட்டாங்க."

"அப்ப நிரூபிக்க முடியாதும்மா." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அந்தக் கடைக்காரம்மா போனப்புறம் அந்தத் தெருவுல மறுபடி யாருக்காச்சும் வந்துதா?" என்று கேட்டார்.

அடுத்த ஐப்பசியிலும் வந்தது. எட்டுப் பேர். வசந்தா போய் ஒன்பது பத்து மாதம் ஆகியிருந்தது. நான் அந்த முறை மழையைக் குறை சொன்னேன். "வந்துது" என்றேன். ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தார். வேறு யாருக்கோ நடந்த கதை இல்லை என்று புரிந்துகொண்டிருப்பார். "ஊருக்குப் போனதும் மொத வேலையா அந்தக் குழாய மாத்துங்கம்மா. மத்ததப் பத்தி நான் என்ன சொல்றது" என்றார்.

மதியம் 3.15. சான்றிதழும் நீல நிறப் பையும் கொடுத்து அனுப்பினார்கள். ஸ்டேஷன் பக்கம் மூன்று மெஸ்ஸில் விசாரித்து, நாலாவதில் கண்டுபிடித்தேன். கல்லூரிப் பையன்கள் சாப்பிடும் இடம். முழுச் சாப்பாடு இருபத்தெட்டு ரூபாய் என்று பலகை. கல்லாவில் இருந்தவர் பின்பக்கம் கை காட்டினார். கிணற்றடித் தளத்தில் மலைபோல எவர்சில்வர் தட்டுகள், நடுவில் வசந்தா உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, புடவையில் கையைத் துடைத்தாள்.

"வாங்க கவுன்சிலரம்மா" என்றாள். முன்பெல்லாம் அக்கா என்பாள்.

இரண்டு நாளாக மனதுக்குள் எழுதிவைத்த பேச்செல்லாம் வரவில்லை. பெயர் பெற்ற என் வாய் அன்று உதவவில்லை. குழாய், சாக்கடை, சைக்கிள் ட்யூப், நீல மை என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். ஒன் சட்டினியால இல்ல வசந்தா, என் குழாயால என்றேன். மன்னிச்சுடு என்றும் சொன்னேன்.

முடித்ததும் கேட்டாள், "நான் ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்தனே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"மோந்து பாத்தீங்களா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்து, பரிமாற ஆள் குறைகிறது, கொஞ்சம் வாக்கா என்று கூப்பிட்டார். "நான் வரமாட்டேன், செல்வியக் கூப்புடு" என்று சத்தம் கொடுத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள். "மாவாட்டக் கூப்புட்டாங்க, சட்டினி அரைக்கக் கூப்புட்டாங்க. சம்பளமும் ஜாஸ்தி. நான் போவல. நாளைக்கு ஒரு புள்ளைக்கு வவுறு வலிச்சாலும் என் கையப் பாப்பாங்க. தட்டு கழுவுனா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் இட்லியைச் சாப்பிட்டவள் நான். மல்லிகைப்பூ மாதிரி என்று எல்லோரும் எல்லா இட்லியையும் சொல்வார்கள், இவள் இட்லிக்கு அது உண்மை. அந்தக் கை ஒன்றரை வருடமாகச் சாம்பலும் நாருமாகக் கிடக்கிறது. எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

"அழுவாதீங்க" என்றாள். அதில் இரக்கம் இல்லை, கோபமும் இல்லை. "இங்க வந்து எதுக்குச் சொல்றீங்க? இந்த ஊருல என்னை யாரும் குத்தம் சொல்லல. எந்தக் குழாயடியில நின்னு சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க. அத்தன பேரும் இருக்கும்போது சொல்லுங்க. சொல்லிட்டு எனக்கு ஒரு ஃபோன் போடுங்க. என்னா சொன்னாங்கன்னு எனக்குத் தெரியணும்." மெஸ்ஸின் நம்பர் முன்பக்கப் பலகையில் இருக்கிறது என்றாள். திரும்பவும் உட்கார்ந்து தட்டை எடுத்தாள்.

மாலை 5.00. சேத்தியாத்தோப்பு, கம்மாபுரம் வழியாக விருத்தாசலம் வண்டி. செவ்வாய்க்கிழமை ஊரை விட்டுக் கிளம்பியவள் இந்த ஊர்களைப் பார்த்தால் ரோடு எப்படி இருக்கிறது என்றுதான் பார்த்திருப்பாள். இப்போது ஒவ்வொரு ஊர் வரும்போதும் வாசல் சாக்கடையைப் பார்த்தேன். மெலிந்த இரும்புக் குழாய்கள் கறுத்த தண்ணீருக்குள் இறங்கி அடுத்த வீட்டு வாசலில் ஏறுவதை ஓடும் பஸ்ஸிலிருந்தே எண்ண முடிந்தது. கடலூரில் தோண்டிப் போட்டிருந்த தெருக்கள்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. எங்கள் தெரு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்று நினைத்தபோது கூசியது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பிளம்பரைக் கூப்பிட்டு, ரோட்டைப் பதினாறு இடத்தில் குறுக்கே வெட்டச் சொன்னேன். அவர் நம்பாமல் இரண்டு முறை கேட்டார். வேலை முடிய ஒன்பது நாள் ஆனது. பழைய குழாய்களைச் சாக்கடையிலிருந்து உருவியபோது, ட்யூப் சுற்றிய இடமெல்லாம் கையோடு கழன்று வந்தது.

குழாயடியில் பேசியது வேலை முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. பொதுக்குழாய் இன்னும் இருக்கிறது, தெருக்கோடி வீடுகளிலிருந்து இருபது பெண்களாவது வருவார்கள். எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். ரோட்டுக்காகக் குழாயைச் சாக்கடையில் விடச் சொன்னது நான், பதினோரு பேர் படுத்ததற்குக் காரணம் அதுதான், வசந்தா மேல் பழி போட்டது பெரிய பாவம் என்றேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். யாரும் திட்டவில்லை. குடங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. தன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஜெயா சொன்னாள். முதல் முறை ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு பேரில் அவளும் ஒருத்தி.

"எங்களுக்கு அப்பவே தெரியுங்கக்கா, அவ இட்லியில ஒண்ணும் இல்லன்னு. நான் அந்த வாரம் அவகிட்ட வாங்கவே இல்லியே. நீங்க சொல்லும்போது யாரு எதுத்துப் பேசுறது?"

இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். பாவம், நல்ல பொம்பள என்று ஒருத்தி சொன்னாள். தண்ணீர் நிற்கும் நேரமாகிவிட்டது, கலைந்து போனார்கள்.

அன்று மாலை மெஸ்ஸுக்கு ஃபோன் போட்டேன். வசந்தாவைக் கூப்பிட்டு வர ரொம்ப நேரம் ஆனது. "சொல்லிட்டேன்" என்றேன்.

"எல்லாரும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"என்னா சொன்னாங்க?"

குழாயடியில் உண்மை சொன்ன எனக்கு, ஜெயா சொன்னதை ஃபோனில் சொல்ல முடியவில்லை. "கேட்டு எல்லாரும் வருத்தப்பட்டாங்க. இத்தன நாளா எங்களுக்குத் தெரியாமப் போச்சேன்னு சொன்னாங்க" என்றேன்.

"அப்புடியா" என்றாள் வசந்தா. "பாவம், அவுங்களுக்கு எப்புடித் தெரியும்."